சுண்ணாம்புக்கல் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: அரியலூரில் மட்டும் ஏன் இத்தனை சிமென்ட் ஆலைகள்?

கல் காலடியிலேயே கிடக்கிறது, அதனால்தான். டைனோசர்கள் வாழ்ந்த கிரீத்தேசியக் காலத்தில் அங்கே கடல் இருந்தது; அதன் அடியில் படிந்த ஓடுகளும் சேறும்தான் இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின. சிமென்டுக்கான கலவையில் முக்கால் பங்கு சுண்ணாம்புக்கல்தான். அதைக் களிமண்ணோடு அரைத்து, சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுட்டால் கிளிங்கர் என்னும் கெட்டியான உருண்டைகள் கிடைக்கும். கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அதைப் பொடித்தால் சிமென்ட். இவ்வளவு கல்லை வெகுதூரம் லாரியில் ஏற்றிப்போனால் கட்டுப்படியாகாது. அந்தப் பக்கம் போனால் அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரி) புதைபடிவங்களைப் பாருங்கள். உடைந்தால் திரும்பக் கிடைக்காதவை அவை.

கேள்வி: சுண்ணாம்புக்கல், சுட்ட சுண்ணாம்பு, நீற்றிய சுண்ணாம்பு எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். காளவாயில் 900 டிகிரி அளவில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். 100 கிலோ தூய கல் போட்டால் 56 கிலோதான் மிஞ்சும். அதுதான் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் பட்டதும் கொதித்துப் பொங்கி, நீற்றிய சுண்ணாம்பு ஆகிவிடும். சுவரில் பூசினால், போன வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிறது. எனக்கு இந்தக் கல்லில் மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

ஒன்றை மறக்காதீர்கள்: தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும்; சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. தெறித்தால் கண் போய்விடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அண்ட விடாதீர்கள்.

கேள்வி: தோட்டத்தில் வெள்ளைக் கல் கிடைத்தது. கால்சைட்டா, குவார்ட்ஸா?

கத்தியால் கீறிப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கனிமம்தான் கால்சைட்; 1 முதல் 10 வரையான கடின அளவில் அது 3, கீறல் விழும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7, விழாது. அப்புறம் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். கால்சைட்டில் குமிழி வரும். கல்லைப் பொடித்த பிறகுதான் லேசாக நுரைக்கிறதென்றால் மக்னீசியமும் கலந்த கார்பனேட்டான டோலமைட்டாக இருக்கலாம்.

கேள்வி: இரும்பு ஆலையில் சுண்ணாம்புக்கல்லுக்கு என்ன வேலை?

தாதுவில் இருக்கும் மணல்சத்தைப் பிடித்துக் கசடாக்கி மிதக்க விடும். கசடைத் தனியே வடித்துவிடலாம். சர்க்கரை ஆலையிலும் சாற்றின் அழுக்கை இறக்கச் சுண்ணாம்புதான்.

கேள்வி: நிலக்கரிக்குப் பதில் வேறு எரிபொருள் போட்டால் சிமென்ட் மாசு தீருமா?

பாதிகூடத் தீராது. வெளியேறும் கரியமில வாயுவில் பெரும்பங்கு கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. கிளிங்கரைக் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பலோ இரும்பாலைக் கசடோ கலந்த சிமென்டை வாங்குவது இப்போதே நம்மால் முடியும். வீட்டு வேலைக்கு அது தாராளமாகப் போதும். கூடுதல் நாள் தண்ணீர் விட்டு நனைத்து வையுங்கள்.