கடலுக்குப் போனவர் கரை திரும்பும் வரை: ஜெபம், பயம், நம்பிக்கை பற்றிய கேள்வி பதில்

மரியே வாழ்க! பாம்பன் பக்கம் பள்ளி ஆசிரியையாக இருந்து, இப்போது பங்கில் மறைக்கல்வி எடுக்கிறேன். அன்றாட ஜெபம், மன அமைதி, கடவுள்மேல் நம்பிக்கை பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். திருச்சபைச் சட்டம் சம்பந்தப்பட்டதைச் சட்டத்தில் உள்ளபடியே சொல்கிறேன். மற்றவை நான் வாழ்ந்து பார்த்து நம்புகிறவை.

டீச்சர், வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். மீன்துறையில் அனுமதி டோக்கன் வாங்கிக் கிளம்பியதிலிருந்து மறுநாள் கரைக்கு வரும்வரை எனக்குத் தூக்கம் இல்லை. காற்று கிளம்புமா, இலங்கை நேவி பிடிக்குமா என்று நெஞ்சு படபடக்கிறது. ஜெபமாலை சொல்லியும் அடங்கவில்லை. என் விசுவாசம் குறைவா? (தங்கச்சிமடம்)

குறைவு இல்லைம்மா. பயப்படுவது பாவமும் இல்லை. கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரே கலங்கித்தான் ஜெபித்தார்.

மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். படகில் இருந்தவர்களில் பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் நான்கு பேரும் வலை வீசிப் பிழைத்தவர்கள். காற்றையும் அலையையும் அறிந்தவர்கள். அவர்களே “சாகப்போகிறோமே” என்று அலறினார்கள். ஆண்டவர் படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியதும் முதலில் காற்றை அதட்டினார். கடல் அடங்கின பிறகுதான் “ஏன் பயந்தீர்கள்” என்று கேட்டார். அந்த வரிசை எனக்கு எப்போதும் பெரிய ஆறுதல். பயத்தோடு வந்தவர்களின் குரலுக்கு அவர் முதலில் எழுந்தார், அப்புறம்தான் பாடம் நடத்தினார்.

ஜெபமாலை முடிவதற்குள் படபடப்பு போய்விட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தால், ஒவ்வொரு மணியிலும் “அடங்கிச்சா, அடங்கிச்சா” என்று நம் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்போம். ஆண்டவரைப் பார்க்க மாட்டோம். நம்பிக்கை வைப்பது என்றால் ஆளை அவர் கையில் ஒப்படைப்பது. அதை நடுங்கிக்கொண்டும் செய்யலாம். அமைதி வருகிறபோது வரட்டும்.

இப்படிச் செய்து பாருங்கள். அவர் கிளம்பும்போது நெற்றியில் சிலுவை போட்டு, “ஆண்டவரே, இவர் உம்முடைய பொறுப்பு” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ராத்திரி பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜெபமாலையில் பத்து மணிகள் மட்டும் சொல்லுங்கள். கூடவே தியானிக்கிற மறையுண்மை, அதாவது ஆண்டவர், மாதா வாழ்வின் நிகழ்ச்சி: திங்கள், சனி போனால் மகிழ்ச்சி மறையுண்மை, புதன் போனால் மகிமை மறையுண்மை. படகில் போன எல்லாருடைய பெயரையும் சொல்லி முடித்துவிட்டுப் படுங்கள். நடு ராத்திரி பயம் எழுப்பினால் திரும்ப முதலிலிருந்து ஜெபமாலை வேண்டாம். 31ஆம் திருப்பாடலில் வரும் “உமது கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன்” என்ற ஒரு வரி போதும். திருச்சபை தினமும் தூங்கப்போகும் முன் சொல்கிற வரி அது. ஆண்டவர் சிலுவையில் சொன்னதும் அதுதான்.

ஜெபமாலை சொல்லும்போது கவனம் எங்கெங்கோ ஓடுகிறது. அப்படிச் சொல்வதில் பலன் உண்டா? (மண்டபம்)

உண்டு. ஓடினது தெரிந்ததும் விட்ட மணியிலிருந்து தொடருங்கள், பின்னால் போய்ச் சரிசெய்ய வேண்டாம். மனசு கடனை நோக்கி ஓடினால் அந்தக் கடனுக்காகவே அடுத்த அருள் நிறைந்த மரியேயைச் சொல்லுங்கள்.

எங்கள் தாத்தாவின் கூடப்பிறந்தவர்கள் 1964 புயலில் தனுஷ்கோடியில் போனவர்கள். அங்கே கோயிலும் இடிந்து கிடக்கிறது. ஜெபம் பண்ணின ஊர்தானே அது? அப்புறம் எதை நம்பி ஜெபிப்பது? (ராமேஸ்வரம்)

தம்பி, இந்தக் கேள்விக்கு முன்னால் நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். டிசம்பர் 22 ராத்திரி, கிறிஸ்து பிறப்புக்கு மூன்று நாள் முன்பு. வீடு, கோயில், பாம்பனிலிருந்து போன ரயில், அதில் இருந்தவர்கள், எல்லாம் போயிற்று. ஏன் என்று விளக்கம் சொல்ல யார் வந்தாலும் நம்பாதீர்கள். “பாவத்துக்குத் தண்டனை” என்று சொல்கிறவர்களை ஆண்டவரே மறுத்திருக்கிறார். லூக்கா 13இல், சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று கேட்டு, இல்லை என்று தாமே பதில் சொல்கிறார்.

ஜெபித்தால் புயல் வராது என்று திருச்சபை எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆண்டவரே சிலுவையில் “ஏன் என்னைக் கைவிட்டீர்” என்ற 22ஆம் திருப்பாடலைத்தான் கத்தினார். சாவுக்குள்ளேயும் கடவுள் கூட இருக்கிறார், சாவோடு அது முடிவதில்லை என்பதுதான் நாம் நம்புவது. நவம்பர் 2ஆம் தேதி கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவது அதற்காகத்தான். உங்கள் தாத்தாவின் சொந்தங்களுக்குக் கல்லறை இல்லாமல் இருக்கலாம். அவர்கள் பெயரைத் திருப்பலியில் (பூசையில்) நினைத்து ஜெபிக்கும் கருத்தாக எழுதிக் கொடுங்கள். கேள்வியையும் அந்தத் திருப்பலிக்குக் கொண்டுபோங்கள். கோபம் இருந்தால் அதையும். யோபு பல அதிகாரங்களில் கடவுளோடு வழக்காடினார். கடைசியில் கடவுள் கண்டித்தது யோபுவுக்குச் சமாதானம் சொல்ல வந்த நண்பர்களைத்தான்.

அக்கா, என் தம்பியை இலங்கைக் கடற்படை பிடித்துப் போய்விட்டது. ஜெயிலில் இருக்கிறான். அம்மா சாப்பிடாமல் கிடக்கிறார். என்ன ஜெபம் சொல்லட்டும்? (பாம்பன்)

தங்கச்சி, முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள். எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று செடிக்கடியில் படுத்தபோது கடவுளின் தூதர் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும்தான்.

திருத்தூதர் பணி 12ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். பேதுரு சங்கிலியில், இரண்டு காவலர் நடுவில். வெளியே ஒரு வீட்டில் எல்லாரும் கூடி அவருக்காக ஜெபித்தார்கள். உங்கள் அன்பியத்தை, அதாவது அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழுவை, தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஓரியூரில் விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த நம் புனித அருளானந்தரும் சிறையில் இருந்தவர். 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்படுவதற்கு முந்தின நாள்கூடச் சிறையிலிருந்து கடிதம் எழுதினார். அவரிடம் மன்றாடுங்கள், ஜெயிலின் இருட்டு அவருக்குத் தெரியும். தம்பியோடு பேச வழி கிடைத்தால் ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அவன் அங்கே, அம்மா இங்கே, ஒரே நேரத்தில் பரலோக ஜெபம். மீனவர் சங்கத்து ஆட்களிடமும் வக்கீலிடமும் விடாமல் போய்க் கேளுங்கள். ஜெபிக்கிறோம் என்பதற்காக அந்த நடையை நிறுத்த வேண்டாம்.

ரொம்ப நாளாகத் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது. நற்கருணை ஆராதனைக்குப் போனால் சரியாகுமா? (தேவிபட்டினம்)

ஆராதனைக்குப் போங்கள். ஆனால் இந்த வாரமே டாக்டரையும் பாருங்கள், தயவுசெய்து. இது மனதில் வரும் நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் மருத்துவரையும் ஆண்டவரே படைத்தார் என்கிறது. “இருந்து என்ன பயன்” என்ற எண்ணம் வரும்போதெல்லாம் தனியாக இருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. நீங்கள் எனக்கு எழுதினது நல்லது. உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

விடியுமுன் பாசி எடுக்கப் போகிறேன், வந்தால் வீட்டு வேலை. ஜெபத்துக்கு நேரமே இல்லையே? (சின்னப்பாலம்)

தண்ணீரில் இறங்கும்போது சிலுவை போட்டு, “இன்றைய வேலை முழுவதும் உமக்கு” என்று சொன்னால் அது காலை ஜெபம். கோயில் மணி அடிக்கும்போது, காலை, மதியம், மாலை சொல்கிற மூவேளை ஜெபம், ஒரு நிமிஷம்தான். படுக்கும்போது இன்று எதற்கு நன்றி, எங்கே தவறினேன் என்று இரண்டு கேள்வி. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் தம் சபையாருக்குக் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனையின் சாரம் அதில் இருக்கிறது. நேரம் கிடைக்கிறவர்களைப் பார்த்து ஏங்காதீர்கள் அக்கா.

பாடகர் குழுவில் இருக்கிறேன். சில மாதமாக ஜெபத்தில் ஒன்றும் தோன்றவில்லை, வறண்டு கிடக்கிறது. நடிக்கிற மாதிரி இருப்பதால் விலகிவிடலாமா? (வேர்க்காடு)

வேண்டாம் தம்பி. மனசு வறண்டிருக்கும்போது முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்று இஞ்ஞாசியார் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ என்ற தம் நூலில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். அன்னை தெரேசா பல வருஷம் இப்படி உள்ளுக்குள் இருட்டோடுதான் இருந்தார். அவர் இறந்த பிறகு 2007இல் கடிதங்கள் வெளியானபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது. ஒன்றும் தோன்றாதபோதும் வந்து நின்று பாடுகிறாயே, அது நடிப்பு இல்லை. உணர்ச்சியின் தயவு இல்லாமல் செய்கிற அன்பு அது.

சனிக்கிழமை கடலுக்குப் போய் ஞாயிறுதான் திரும்புகிறோம். பூசை தவறுகிறது. பாவமா? (ராமேஸ்வரம்)

ஞாயிறு சாயங்காலம் எங்காவது திருப்பலி இருந்தால் அதில் கலந்துகொள்ளுங்கள். உண்மையிலேயே முடியாமல் போனால் அந்தக் கடமை கட்டுப்படுத்தாது. அப்படிப்பட்ட நேரத்தில் குடும்பமாக ஜெபிக்கச் சொல்கிறது திருச்சபைச் சட்டம் 1248. எப்போதுமே இப்படித்தான் என்றால் பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள். தகுந்த காரணம் இருந்தால் விலக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு.

மகன் பிழைத்ததற்கு வருஷா வருஷம் ஓரியூருக்கு நடந்து வருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். இப்போது முட்டி வலி. நடக்காவிட்டால் சாமி குத்தம் ஆகுமா? (திருவாடானை)

ஆகாது அம்மா. அருளானந்தர் உங்கள் முட்டியை எண்ணிக்கொண்டு இருப்பவர் இல்லை. நேர்ச்சையை நீங்களாகவே விட்டுவிடாமல் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லுங்கள். அதிலிருந்து விடுவிக்கவும், வேறொன்றாக மாற்றிக் கொடுக்கவும் சட்டம் அவருக்கு இடம் தருகிறது. பஸ்ஸில் போய்த் திருப்பலி கண்டு, ஒரு ஏழைக்குச் சாப்பாடு போடுங்கள் என்று அவர் சொன்னால் அதைச் செய்யுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.