உப்புத் தடாகமும் ஓட்டை விழுந்த ஹீற்றரும்

கேள்வி: காரைநகரில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். 60,000 லீற்றர் நீச்சல் தடாகம், உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் கருவி. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி கப்பலில் அனுப்பிய காஸ் ஹீற்றரின் செம்புச் சுருள் இரண்டே வருடத்தில் ஓட்டையாகிவிட்டது. "உப்புத்தான் அரித்தது, விண்டருக்கு முன் ஹீற்றரில் உள்ள தண்ணீரை இறக்கிவிடு" என்கிறான். உறைபனியே இல்லாத ஊரில் அது தேவையா?

பதில்: தேவைதான், ஆனால் காரணம் வேறு. ரொறன்ரோவில் சுருளுக்குள் நிற்கும் தண்ணீர் உறையும்போது 9 வீதம் பருத்து, செம்பைப் பிளந்துவிடும். உங்கள் ஊரில் மார்கழி விடியலில்கூட 20 பாகைக்குக் கீழே போவது அரிது. மாரியில் ஆட்கள் வராமல் பம்பை நிறுத்திவிடுகிறோமே, அப்போது ஹீற்றருக்குள் அதே தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கிக் கிடப்பதுதான் இங்கே கெடுதி.

உப்பை முற்றாக நிரபராதி என்று சொல்லமாட்டேன். கடலில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு, தடாகத்தில் 3 முதல் 4 கிராம்தான். என் முதல் சந்தேகம் குளோரின் செல், அதாவது உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் அந்தக் கருவியின் பகுதி, எங்கே பூட்டப்பட்டிருக்கிறது என்பதில். பம்ப், வடிகட்டி, ஹீற்றர், எல்லாவற்றுக்கும் கடைசியில் செல்: இதுதான் ஒழுங்கு. செல் முந்தினால் அப்போதுதான் பிறந்த கடும் குளோரின் நேராகச் செம்பில் போய் அடிக்கும். ஒழுங்கு சரியாக இருந்தாலும் பம்ப் நின்றதும் அந்தத் தண்ணீர் பின்னோக்கி ஹீற்றருக்குள் இறங்கலாம். ஆகவே ஹீற்றருக்கும் செல்லுக்கும் இடையில் அரிக்காத ஒருவழி வால்வு ஒன்று போடுங்கள். பம்ப் நின்றால் செல்லும் தானாக நிற்கும்படி வயரிங் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஓடாத தண்ணீரில் செல் வேலை செய்தால் குழாய்க்குள் வாயு சேரும். அது ஆபத்து.

அடுத்தது கிணறு. காரைநகரில் பல கிணறுகள் உவர், எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தண்ணீர் கடினமானதும்கூட. கிணற்று நீரிலேயே லீற்றருக்கு ஒன்றரைக் கிராம் உப்பு இருந்தால் உங்கள் தடாகத்துக்கு 90 கிலோ ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. மூன்றரைக் கிராமுக்கு மொத்தம் 210 கிலோ. நீங்கள் போடவேண்டியது 120 மட்டும். அளக்காமல் மூட்டையைக் கொட்டுகிறவர்களே அதிகம். சோளகக் காலத்தில் தண்ணீர் ஆவியாக ஆவியாக, அதே உவர்நீரை ஊற்றி நிரப்புவதால் உப்பு ஏறும். மாரியில் தடாகம் நிரம்பி வழிய, இறங்கும். உப்பைத் தடாகத்தில் நேரடியாகத் தூவிக் கரையவிடுங்கள், ஸ்கிம்மரில் (மேல்மட்டக் குப்பையை இழுக்கும் வாயில்) போடவேண்டாம். அழுக்குள்ள கல்லுப்பு வேண்டாம். அதிலுள்ள கல்சியம் உங்கள் கடினநீரோடு சேர்ந்து சுருளில் படியும்.

செல் வேலை செய்யச் செய்ய பிஎச் (தண்ணீரின் புளிப்பு, காரத்தைக் காட்டும் அளவு; குறைந்தால் புளிப்பு) ஏறும். அதை இறக்க அமிலம் ஊற்றுவார்கள், அளவு தப்பி 7க்குக் கீழே போய்விடும். அப்போது செம்பு கரையத் தொடங்கும். தடாகச் சுவரில் நீலப்பச்சைக் கறை கண்டிருக்கிறீர்களா? கண்டிருந்தால் அது உங்கள் சுருள்தான். 7.2க்கும் 7.6க்கும் இடையில் வைத்திருங்கள். ஸ்கிம்மருக்குள் குளோரின் மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்; அந்த மாத்திரை கரைந்த நீர் கடும் புளிப்பு.

புது ஹீற்றர் வாங்குவதானால், டைட்டேனியச் சுருளுள்ள ஹீற் பம்ப்தான் (காற்றிலுள்ள சூட்டை எடுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் மின்கருவி) என் தெரிவு. பழையதையே திருத்துவதென்றால் செம்பு-நிக்கல் சுருள் கேளுங்கள். ஒன்று கேட்க மறந்தேன்: கனடாவில் வீடுகளுக்குப் பெரும்பாலும் குழாய் வழியே இயற்கை வாயு, இங்கே சிலிண்டர். காஸ் மாற்றத்துக்குரிய ஜெற்றுகளை (பர்னருக்குக் காஸ் விடும் சிறு துளைகளை) மாற்றினீர்களா?

மாரிக்கு விடுதியைப் பூட்டும்போது காஸையும் கறண்டையும் நிறுத்தி, ஹீற்றரைச் சுற்றிப் போகும் பைபாஸைத் திறந்து, மழைநீரால் சுருளைக் கழுவி இறக்குங்கள். தண்ணீர் இறக்கும் அடைப்பானைப் பூட்டாமல் திறந்தே விடுங்கள். பொலித்தீனால் சுற்றிக் கட்டினால் உள்ளே வியர்க்கும். மேலே கூரைபோல ஒரு தகடு போதும். 2020 புரெவிப் புயல் மழையில் எவ்வளவு தண்ணீர் நின்றதென்று அயலில் கேட்டு, அதற்கு மேலாக ஹீற்றரின் அடித்தளத்தைக் கட்டுங்கள்.

தையில் திரும்ப ஓடவிடுமுன் பர்னரில் சிலந்தி வலையோ எலிக்கூடோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பைபாஸிலேயே பம்பை ஓட்டி, உப்பையும் பிஎச்சையும் அளந்து சரிசெய்த பின் ஹீற்றருக்குத் தண்ணீரை விடுங்கள்.