அமெரிக்கத் தென்மாநிலக் குடும்பங்களில் பெண்கள் காத்து வந்த ரகசியங்கள் வெளியே வந்தபின், தாயும் மகளும் பேத்தியும் உண்மையில் சமாதானம் ஆகிறார்களா?

ஆகிறார்கள். ஆனால் அந்த ரகசியத்தை யாருக்காகக் காத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பேசிய வீடுகளில்தான் அது நடந்து பார்த்திருக்கிறேன். நான் தென் கரோலினாவின் தலைநகரான கொலம்பியாவில் குடியிருக்கிறேன். இந்த ஊர்ப் பெண்களோடு வேலை பார்த்து, அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய் வந்து பழகியவள். முதலில் இங்கே எல்லாருக்கும் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்ட்ராம் தர்மண்ட் இந்த மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். 1948-ல், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தனித்தனியாகத்தான் வாழவேண்டும் என்ற கொள்கையை முன்வைத்து ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். தெற்கில் 4 மாநிலங்கள் அவர் பக்கம் போயின. 1957-ல் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைக் காக்க வந்த குடிமை உரிமைச் சட்டத்தைத் தடுக்க செனட் சபையில் 24 மணி 18 நிமிடம் தொடர்ந்து பேசினார். இப்படிப்பட்டவருக்கு ஒரு கறுப்பினப் பெண்ணிடம் மகள் இருந்தாள்.

அவர் பெயர் எஸ்ஸி மே வாஷிங்டன் வில்லியம்ஸ். பிறந்தது 1925-ல். தாய் கேரி பட்லர், இந்த மாநிலத்து எட்ஜ்ஃபீல்டு ஊரில் தர்மண்ட் குடும்பத்து வீட்டில் வேலை செய்த பெண். அப்போது கேரிக்கு 16 வயது, தர்மண்டுக்கு 22. இதைக் காதல் கதையாகச் சொல்பவர்களை நானும் கேட்டிருக்கிறேன். எஜமானர் வீட்டுப் பையன், வேலைக்கார வீட்டுச் சிறுமி, அதுவும் 1925-ன் தென் கரோலினா. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்? இரு இனத்தாரும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று இந்த மாநிலத்து அரசியலமைப்பிலேயே எழுதியிருந்தது. உச்ச நீதிமன்றம் 1967-ல் அப்படிப்பட்ட சட்டங்களைச் செல்லாதவையாக்கிய பிறகும், அந்த வரி 1998 வரை ஏட்டில் கிடந்தது.

குழந்தையை கேரியின் அக்கா மேரி வளர்த்தார், பென்சில்வேனியாவில். மேரியைத்தான் அம்மா என்று நினைத்து எஸ்ஸி மே வளர்ந்தார். பெற்றவள் கேரி என்று தெரிந்தது 13 வயதில். 16 வயதில் கேரியே மகளை எட்ஜ்ஃபீல்டுக்கு அழைத்துப் போய்த் தகப்பனைக் காட்டினார். தகப்பன் வெள்ளைக்காரர் என்பதே அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

அதன்பின் 60 வருஷத்துக்கு மேல் எஸ்ஸி மே வாய் திறக்கவில்லை. ஆரஞ்ச்பர்க்கில் கறுப்பினத்தவருக்கான கல்லூரியில் படித்தபோது ஆளுநராக இருந்த தகப்பன் வந்து பார்த்துப் போனார், பணம் கொடுத்தார். அப்புறம் அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆசிரியையாக வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். பத்திரிகைக்காரர்கள் தேடி வந்து கேட்டபோதும், குடும்ப நண்பர் என்றே சொல்லி அனுப்பினார். தர்மண்ட் தன்னிடம் எந்தச் சத்தியமும் வாங்கவில்லை என்று பின்னாளில் சொன்னார். எனக்கு இதில்தான் மனம் கனக்கும். சத்தியம் வாங்காமலே காக்கப்படும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. கேரி காத்தார், மேரி காத்தார், பிறகு மகள் காத்தார். அவர் மட்டும் 100 வயதுவரை பெயர் கெடாமல் இருந்து 2003 ஜூனில் இறந்தார்.

அந்த டிசம்பரில், 78 வயதில், எஸ்ஸி மே இதே கொலம்பியாவில் எல்லார் முன்னிலையிலும் பேசினார். பேச வைத்தது அவருடைய பிள்ளைகள். தாங்கள் எங்கிருந்து, யாரிடமிருந்து வந்தோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றார். சொத்தில் பங்கு எதுவும் கேட்கவில்லை. கடைசியில் முழு விடுதலை கிடைத்ததுபோல் உணர்வதாகச் சொன்னார். தர்மண்ட் குடும்பமும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. 2004-ல் சட்டமன்ற வளாகத்தில் இருக்கும் தர்மண்ட் நினைவுச் சின்னத்தில் எஸ்ஸி மேயின் பெயரையும் செதுக்கி, பிள்ளைகள் ‘நான்கு’ என்றிருந்ததை ‘ஐந்து’ என்று மாற்றினார்கள். யாராவது ஊரிலிருந்து வந்தால் அங்கே கூட்டிப்போய் அந்த எழுத்தைக் காட்டுவேன். புதிதாக ஒரு கல் வைத்திருக்கலாம். பொய் இருந்த அதே இடத்திலேயே திருத்தினார்கள் என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு.

வெள்ளைக்காரப் பெண்கள் பக்கமும் இதே மௌனம்தான், அதற்கு வயது இன்னும் அதிகம். பக்கத்தில் இருக்கும் கேம்டன் ஊர்ப் பண்ணைக் குடும்பத்து மருமகள் மேரி செஸ்நட் 1861-ல் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: அடுத்த வீடுகளில் பிறக்கும் கலப்பினக் குழந்தைகளுக்கெல்லாம் தகப்பன் யார் என்று ஒவ்வொரு சீமாட்டியும் சொல்லிவிடுவாள், தன் வீட்டுக் குழந்தைகள் மட்டும் மேகத்திலிருந்து விழுந்தவை என்று நினைப்பாள் என்று. புருஷனைக் கேட்க முடியாத இடத்தில் பார்க்காததுபோல் இருந்தார்கள். அவர்கள் நிலைமை புரிகிறது. ஆனால் அந்தப் பாராமுகத்தின் சுமை போய் விழுந்தது அடிமைப் பெண்களின் தலையில்.

சரி, இதெல்லாம் பெரிய வீட்டுக் கதை. சாதாரண வீட்டில் எப்படி நடக்கிறது? என்னோடு வேலை பார்த்த ஒரு கறுப்பின அக்காவின் கதை எனக்குத் தெரியும். கடலோரப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். அம்மா என்று அவர் கூப்பிட்டது பாட்டியை. வீட்டில் மூத்த அக்கா என்று இருந்தவர்தான் பெற்றவர். பாட்டி இறந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு சித்தி வாய்தவறிச் சொன்னார். மறைத்ததைவிட, தேவாலயத்தில் தன்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த கிழவிகள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பெற்றவரோ, “உன்னை யாருக்கும் கொடுக்காமல் வீட்டிலேயே வைத்து வளர்த்தோமே, அது போதாதா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். தகப்பன் யார் என்று கேட்டால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாராம்.

இரண்டு பேரும் ரொம்ப நாள் பேசாமல் இருந்தார்கள். முடிச்சு அவிழ்ந்தது பேத்தியால், அந்த அக்காவின் மகளால். கல்லூரியில் படிக்கும் அந்தப் பெண் பெற்றவரிடம், “பாட்டி, உங்களுக்கு அப்போது என்ன வயது?” என்று கேட்டிருக்கிறாள். அதுவரை யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. எல்லாரும் குழந்தையைப் பற்றியும் தகப்பனைப் பற்றியும்தான் கேட்டார்கள். அன்றைக்கு அவர் எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஆள் யார், அவர் ஊரில் எவ்வளவு மதிப்பானவர், போலீசுக்குப் போகாதே என்று அம்மா ஏன் கெஞ்சினார், எல்லாம். கேட்ட மகளின் கோபம் போகவில்லை. பெற்றவரை விட்டுவிட்டு, போக வேண்டிய ஆளிடம் போயிற்று.

இங்கே அன்னையர் தினத்தன்று கறுப்பினத் தேவாலயங்களில், தாய் உயிரோடு இருந்தால் சிவப்புப் பூவும், இறந்திருந்தால் வெள்ளைப் பூவும் சட்டையில் குத்திக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்த அக்கா இப்போது இரண்டையும் குத்திக்கொண்டு போகிறார். முதல் முறை அப்படிப் போனபோது ஒரு மூத்த பெண்மணி வந்து, ஒன்றும் கேட்காமல் வெள்ளைப் பூவைச் சரிசெய்துவிட்டுப் போனாராம்.

இப்படி முடியாத வீடுகளும் உண்டு. எஸ்ஸி மே வீட்டிலேயே ஒரு பாதி அப்படித்தான் நின்றுபோயிற்று. கேரி 1948-ல் இறந்துவிட்டார், தர்மண்ட் ஜனாதிபதிப் பதவிக்கு நின்ற அதே வருஷம், 38 வயதில். மகளுக்கு அப்போது இருபதுகளின் தொடக்கம். என்ன வயது, என்ன நடந்தது, பயந்தாயா என்று கேரியிடம் உட்கார்ந்து கேட்டு, அவர் சொன்னதை எழுதிவைத்தவர் யாரும் இல்லை. நாம் அறிந்த கேரி, மகளின் நினைவில் இருக்கிற கேரிதான். 2004-ல் கல்லில் சேர்த்தது மகளின் பெயரை.