கனெக்‌ஷன் எரர் வந்தால் முதலில் நம்பரைப் படியுங்கள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை. கணக்கு, ஸ்டாக் எல்லாம் வைத்திருக்கும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சர்வர் காரைக்குடி ஆபீஸில். இங்கிருந்து எக்செலில் ஸ்டாக் வியூவை (டேபிள்களிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துக் காட்டும் பட்டியல்) திறந்தால் எரர் 2003, பக்கத்திலேயே 10060 என்கிறது. பாஸ்வேர்டு மாற்றியும் கேட்கவில்லை.

பதில்: பாஸ்வேர்டை விடுங்கள் தம்பி, அதைக் கேட்கும் இடத்துக்கே நீங்கள் போய்ச் சேரவில்லை. முகப்புக் கதவே சாத்தியிருக்கும்போது இரண்டாம் கட்டுச் சாவியை மாற்றி என்ன செய்ய? 10060 என்றால் அந்தப் பக்கமிருந்து பதிலே இல்லை. பெரும்பாலும் ஃபயர்வால் மறிக்கும், இல்லையென்றால் ஆபீஸ் ஐபி, அதாவது நெட் முகவரி, மாறியிருக்கும், சாதாரண பிராட்பேண்டில் ரூட்டரை அணைத்துப் போட்டாலே அது மாறலாம். 10061 வந்தால் கதை வேறு: மெஷின் இருக்கிறது, மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான வாசலான 3306 போர்ட்டில் பதில் சொல்ல ஆளில்லை. சர்வீஸ் ஓடுகிறதா பாருங்கள், அப்புறம் செட்டிங் ஃபைலில் பைண்ட் அட்ரஸ் (எந்த முகவரியில் காத்திருக்க வேண்டும் என்பது) 127.0.0.1, அதாவது அதே மெஷின் மட்டும், என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் வெளியாள் யாருக்கும் அது பதில் தராது. அதற்காக 3306-ஐ ஊருக்கே திறந்துவிடாதீர்கள், விபிஎன் (இரண்டு இடத்துக்கும் நடுவே பூட்டிய தனி வழி) போட்டு அது வழியாகப் போங்கள்.

கேள்வி: தேவகோட்டைக் கடையில் எங்களுக்கு 1130 வருகிறதே?

பதில்: சர்வர் வரைக்கும் வந்துவிட்டீர்கள், உள்ளே விடத்தான் அனுமதி இல்லை. மைஎஸ்க்யூஎல்லில் யூசர் பெயரோடு எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்ததுதான் ஒரு கணக்கு. லோக்கல்ஹோஸ்ட், அதாவது சர்வர் மெஷினிலிருந்து மட்டும், என்று போட்டு உருவாக்கிய கணக்கு தேவகோட்டையிலிருந்து செல்லாது, கடை ஐபிக்குத் தனிக் கணக்கு போடுங்கள். 1045 வந்தால் பாஸ்வேர்டைச் சந்தேகப்படலாம்.

கேள்வி: எக்செலை டேட்டாபேஸோடு இணைக்கும் ஓடிபிசியில் டெஸ்ட் செய்தால் சக்சஸ், எக்செலில் ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்.

பதில்: டிஎஸ்என் (ஓடிபிசியில் சேமித்து வைத்த கனெக்‌ஷன் விவரம்) 64 பிட், உங்கள் எக்செல் 32 பிட், இல்லையென்றால் நேர்மாறாக இருக்கும், அவ்வளவுதான். 32 பிட் ஓடிபிசி மேனேஜர் சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருக்கும், 64 பிட் சிஸ்டம்32-ல் இருக்கும். பெயர் வைத்த புண்ணியவானைத்தான் கேட்கணும்.

கேள்வி: பள்ளத்தூரில் பலகாரக் கடை. டேபிள் எல்லாம் திறக்கிறது, ஆர்டர் வியூ மட்டும் 1449.

பதில்: இது கனெக்‌ஷன் கோளாறே இல்லை ஆச்சி. அந்த வியூ யார் பெயரில் இருக்கிறதோ அந்த யூசர் இப்போது சர்வரில் இல்லை. வேலையை விட்டுப் போன பையனின் லாகினை அழித்தீர்களா? இருக்கிற யூசர் பெயரை டிஃபைனராக, அதாவது வியூவின் உரிமையாளராக, போட்டு வியூவைத் திரும்ப உருவாக்குங்கள். அழித்தது சரிதான், அழிக்கும் முன்பு அவர் பெயரில் என்னென்ன வியூ இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: காலையில் முதல் ரெஃப்ரெஷில் மட்டும் 2006 வருகிறது.

பதில்: ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த கனெக்‌ஷனை சர்வரே வெட்டிவிடும், வழக்கமான கெடு 28800 விநாடி, அதாவது 8 மணி நேரம். கடை சாத்தும்போது எக்செலையும் சாத்துங்கள்.