ஆயாவுக்கு ஏன் சம்பளம்? கிராமத்துக் குழந்தை நூலகம் பற்றிக் கேள்வி பதில்

போளூர் பக்கம் ஒரு கிராமத்தில், வீட்டுத் திண்ணையில் 2011 முதல் குழந்தைகள் நூலகம் நடத்தி வருகிறேன். நூலகப் படிப்பு படித்தவள் இல்லை, தையல்காரி. திண்ணையில் ஒரு ஓரம் மிஷின், மறு ஓரம் புத்தகம். ஏறக்குறைய ஆயிரத்து நூறு புத்தகங்கள் இருக்கின்றன. அதில் முந்நூறுக்கு அட்டை இல்லை. கிராமத்தில் பிள்ளைகளைப் படிக்க வைப்பது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஓர் ஆசிரியை, பெரம்பலூர்: பள்ளிக்கு நல்ல நல்ல புத்தகங்கள் வந்திருக்கின்றன. பீரோ நிறைய இருக்கிறது. பிள்ளைகள் கேட்பதே இல்லை. ஏன் அக்கா?

பீரோவில் இருப்பதால்தான். பூட்டின பீரோவைப் பார்த்து எந்தப் பிள்ளையும் "டீச்சர், திறங்க" என்று கேட்காது. கிழிந்தால் ஆடிட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதியபோது, முதல் விதியே புத்தகம் பயன்படுத்துவதற்காக என்பதுதான். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்த கதையை அந்த இடத்தில்தான் சொல்கிறார். நம்மிடம் சங்கிலி இல்லை, கோத்ரெஜ் பூட்டு இருக்கிறது.

வகுப்பில் ஒரு கொடிக்கயிறு கட்டுங்கள். துணி கிளிப் போட்டு, அட்டை வெளியே தெரிகிற மாதிரி இருபது புத்தகம் தொங்க விடுங்கள். வாரம் ஒருமுறை மாற்றுங்கள். முதுகு மட்டும் தெரிகிற மாதிரி அடுக்கினால் சின்னப் பிள்ளைக்கு அது செங்கல் அடுக்கு. எடுத்துப் போவதை ஒரு நோட்டில் பிள்ளைகளே எழுதட்டும். வருஷத்துக்குப் பத்துப் புத்தகம் காணாமல் போகும். போகட்டும்.

பெயர் வேண்டாம், கமுதி: கையில் 5,000 ரூபாய் இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

பாதியை இப்போது செலவு செய்யாதீர்கள். மூன்று மாதம் கழித்து, பிள்ளைகள் எதை எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மீதியை எடுங்கள். நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள், பிரதம் புக்ஸின் கதை அட்டைகள் விலை குறைவு. துளிர் அறிவியல் மாத இதழுக்குச் சந்தா கட்டுங்கள். பிரதம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். இறக்கி, அச்சிட்டு, நடுவில் தையல் போட்டால் புத்தகம். உரிமைப் பிரச்சினை இல்லை, எழுதியவர், வரைந்தவர் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். நான் இப்படி நாற்பது புத்தகம் தைத்திருக்கிறேன். ஜாக்கெட் தைப்பதைவிட சுலபம்.

சென்னையிலிருந்து ஒருவர்: வீட்டில் பழைய புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. அனுப்பி வைக்கட்டுமா?

நன்றி. அனுப்புவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "என் பிள்ளைக்கு இதை இன்று கொடுப்பேனா?" என்று கேட்டுப் பாருங்கள். போன வருஷம் வந்த ஒரு மூட்டையில் பத்தாம் வகுப்பு கைடு, வாஸ்து, கம்ப்யூட்டர் பாடம், பாதி நிரப்பிய டிராயிங் நோட்டு இருந்தன. லாரி ஆபீசில் நான் கட்டிய கூலிக்குப் புதுப் புத்தகம் வாங்கியிருக்கலாம்.

ஓர் இளைஞர் மன்றத்திலிருந்து, திருவண்ணாமலை மாவட்டம்: கோயில் மண்டபத்தில் இடம் தருகிறார்கள். நூலகம் வைக்கலாமா?

எந்தத் தெருக் கோயில்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

மழுப்பாமல் சொல்கிறேன். ஊர்த் தெருவில் வைத்தால் காலனிப் பிள்ளைகள் வர மாட்டார்கள். வந்தாலும் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். "யாரும் தடுக்கவில்லையே" என்று நீங்கள் சொல்வீர்கள். தடுக்க வேண்டிய அவசியமே இல்லை, எங்கே நிற்கலாம் எங்கே நிற்கக் கூடாது என்று பிள்ளைக்கு ஐந்து வயதிலேயே தெரியும். என் திண்ணையும் ஊர்த் தெருவில்தான் இருக்கிறது. முதல் இரண்டு வருஷம் வந்தது ஒரே தெருப் பிள்ளைகள். அது எனக்கு உறைக்கவே இரண்டு வருஷம் ஆனது என்பதுதான் வெட்கம்.

அப்புறம் செய்தது இதுதான். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் அரசுப் பள்ளி இருக்கிறது. சனிக்கிழமை அந்த வேப்பமரத்தடியில் பாய் விரித்தேன். செவ்வாய்க்கிழமை சாக்கில் ஐம்பது புத்தகம் போட்டுக்கொண்டு காலனிக்கு, மாதம் ஒருமுறை ஏரிக்கரையில் இருக்கிற இருளர் குடியிருப்புக்கு. மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போவதை மன்னார்குடிப் பக்கம் 1931லேயே செய்திருக்கிறார்கள். நமக்கு டிவிஎஸ் எக்ஸெல் போதும்.

பொங்கல் முடிந்ததும் எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடும். பிள்ளைகளும் போகும். ஆடி வாக்கில்தான் திரும்பும். போகும்போது ஆளுக்கு ஐந்து புத்தகம் கொடுத்து அனுப்புகிறேன். திரும்பி வரும்போது செம்மண் ஏறி, ஓரம் மடங்கி வரும். சிலது வராது. அந்தப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் வேறு எழுத்தே கண்ணில் படாது என்பதை நினைத்துக்கொண்டு நோட்டில் "சூளை" என்று எழுதிவிடுவேன்.

மண்டபத்தில் வைக்காதீர்கள். பள்ளியைக் கேளுங்கள்.

கல்லூரி மாணவி, வேலூர்: பலதரப்பட்ட குழந்தைப் புத்தகங்கள் வேண்டும் என்கிறார்கள். பலதரப்பட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

உங்களிடம் இருக்கிற புத்தகங்களைப் பாயில் பரப்பி எண்ணிப் பாருங்கள். மரம் ஏறுகிற, சைக்கிள் ரிப்பேர் செய்கிற பெண் பிள்ளை எத்தனை புத்தகத்தில்? கறுப்பான பிள்ளை எத்தனை? வில்லனாக வருவதைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். சோறாக்குகிற அப்பா? கூரை வீடு? தொப்பி போட்ட பையன், சிலுவை போட்ட பாட்டி, சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளை? கருவாட்டுக் குழம்பு வாசம் ஏதாவது ஒரு கதையிலாவது வருகிறதா?

நான் முதலில் எண்ணியபோது இருநூற்றுச் சொச்சத்தில் குடும்பம் என்றாலே சோபா, பிறந்தநாள் கேக், நாய்க்குட்டி. தப்பில்லை, அதுவும் இருக்கட்டும். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற ஜன்னல் நிறையக் கிடைக்கிறது. முகம் பார்க்கிற கண்ணாடிதான் கிடைப்பதில்லை.

ஒரு நாள் பட்டணத்துக் கதை ஒன்றை வாசித்துக் காட்டினேன். அதில் ஓர் ஆயா பாப்பாவைக் குளிப்பாட்டுகிறார், பாத்திரம் துலக்குகிறார், மாசம் முடிந்ததும் அம்மா பணம் கொடுக்கிறார். மூன்றாம் வகுப்புப் பையன் கேட்டான்: "ஆயாவுக்கு எதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க?" எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. அம்மாவைப் பெற்றவளுக்குச் சம்பளம் கொடுக்கிற வீடு என்ன வீடு என்று அவனுக்கு ஒரே கோபம். எழுதியவருக்கு இப்படி ஒரு வாசகன் இருப்பான் என்று தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

தமிழாசிரியர், அரியலூர்: இதற்குத்தான் பொதுத்தமிழ் இருக்கிறது. எல்லாக் கதையிலும் "பாட்டி" என்று போட்டால் குழப்பமே இல்லையே? வட்டார வழக்கை அச்சில் பார்த்தால் பிள்ளைகள் தேர்விலும் அப்படியே எழுதும்.

ஐயா, கதை சொல்கிற வரி எழுத்துத் தமிழில் இருக்கட்டும் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. பேசுகிற வாய் மட்டும் அந்த ஊர் வாயாக இருக்கட்டும் என்கிறேன். பதினாலு வருஷத்தில் கதைப் புத்தகம் படித்ததால் தேர்வில் கோட்டை விட்ட பிள்ளையை நான் பார்த்ததில்லை. புத்தகமே தொடாமல் கோட்டை விட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர்.

காரைக்குடி: எங்களுக்கும் ஆயாதான், ஆனால் அம்மாவின் அம்மா மட்டும். அப்பாவின் அம்மா அப்பத்தா. "பாட்டி" என்று போட்டால் எந்தப் பாட்டி என்றே தெரியாது!

பார்த்தீர்களா ஐயா, பொதுச் சொல்லில்தான் குழப்பம்.

கோபிச்செட்டிபாளையம்: அம்மிச்சி. வேறு எதையும் ஒப்புக்கொள்ள முடியாது.

சரி.

திருநெல்வேலி: ஆச்சி. மதுரைக்காரர்கள் அம்மாச்சி என்பார்கள், அவர்களை விடுங்கள்.

மதுரைக்காரர்கள் வருவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறேன்.

தமிழாசிரியர், அரியலூர்: நீங்கள் சிரித்து மழுப்புகிறீர்கள். அரியலூர்ப் பிள்ளைக்குக் கோபிப் புத்தகம் எப்படிப் புரியும்?

மழுப்பவில்லை. "அம்மிச்சி முறுக்குச் சுட்டாள்" என்ற வரிக்குப் பக்கத்தில் நரைத்த தலையோடு ஒரு படம் இருந்தால் அரியலூர்ப் பிள்ளைக்கு அரை நொடியில் புரியும். அதோடு இன்னொரு ஊரில் பாட்டிக்கு இன்னொரு பெயர் என்பதும் தெரிந்துவிடும். எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) 1982இல் கரிசல் சொற்களுக்கு அகராதியே போட்டார், தமிழ் கெட்டா போய்விட்டது? அருஞ்சொற்பொருள் மாதிரி கடைசிப் பக்கத்தில் பத்துச் சொல்லுக்கு விளக்கம் போடலாம். அந்த அளவுக்கு உங்கள் பக்கம் வருகிறேன். அதற்கு மேல் ஓர் அடி வர மாட்டேன்.

தளி, கிருஷ்ணகிரி மாவட்டம்: எங்களுக்கு அவ்வா. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். எங்கள் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது?

இன்று வந்த கேள்விகளில் இதுதான் எனக்குப் பிடித்தது. ஸ்டோரிவீவரில் ஒரே கதை, அதே படங்களோடு தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றிலும் கிடைப்பது நிறைய. மூன்றையும் அச்சிட்டு ஒன்றாகத் தையுங்கள். வீட்டு மொழியில் முதலில் கதை சொல்லுங்கள், அப்புறம் தமிழில் வாசியுங்கள். வீட்டு மொழியை எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவ்வாவையே கூப்பிட்டு உட்கார வைத்துக் கதை சொல்லச் சொல்லி, பிள்ளைகளைப் படம் வரைய வையுங்கள். அதுவும் ஒரு புத்தகம்தான்.

பெங்களூரிலிருந்து: வீட்டில் பழைய புத்தகங்கள் இருக்கின்றன, யாருக்குக் கொடுக்கலாம்?

மேலே சென்னைக்காரருக்குச் சொன்னது உங்களுக்கும். கைடு வேண்டாம்.

ஓர் அப்பா, செய்யாறு: பையன் எப்போதும் மொபைல். எப்படி நிறுத்துவது?

நீங்கள் எப்போது நிறுத்தினீர்கள்?

ஓர் அம்மா, ஆரணி: மொபைல் பார்க்காமல் இருக்க என்ன புத்தகம் வாங்கலாம்?

புத்தகம் மொபைலுக்கு மருந்து இல்லை. இரவு பத்து நிமிஷம் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் படத்தைப் பார்த்து நீங்களே இட்டுக்கட்டுங்கள். முடிந்ததும் "இதில் என்ன நீதி?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஓர் ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்: பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பையனுக்கு "நுழை"தான் வாசிக்க வருகிறது. கையில் வாங்கவே வெட்கப்படுகிறான்.

வெட்கப்படத்தான் செய்வான். அவனிடம் "நீ படி" என்று கொடுக்காதீர்கள். "ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட ஆள் வேண்டும், நீ வருவாயா?" என்று கேளுங்கள். முன்தினமே புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். ராத்திரி நாலு முறை படித்துப் பார்த்துவிட்டு வருவான். என்னிடம் இப்படி வந்த ஒருத்தன் இப்போது மூன்று பிள்ளைகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு குரல் மாற்றி மாற்றி வாசிக்கிறான். சொந்தமாக "ஓடு" எடுக்க அவனுக்கு எட்டு மாதம் ஆனது. நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஓர் அக்கா, ஈரோடு: தம்பி எழுத்துகளை மாற்றி மாற்றிப் படிக்கிறான். என்ன பயிற்சி?

இது என் துறை இல்லை. முதலில் கண் பரிசோதனை. அப்புறம் உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டுங்கள். அதுவரை சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லி எல்லோர் முன்னாலும் நிறுத்தாதீர்கள்.

நாகப்பட்டினம்: பார்வையில்லாத ஒரு சிறுமி வருகிறாள். அவளுக்கு?

சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016இல் தொடங்கினார்கள், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பதிவு செய்து கேட்கலாம். அதற்காக அவளைத் தனியாக ஹெட்போனோடு உட்கார வைத்துவிடாதீர்கள். கூட்டத்தோடு கதை கேட்கட்டும். படத்தைக் காட்டுகிறபோது அதில் என்ன இருக்கிறது என்று மற்றப் பிள்ளைகள் அவளுக்குச் சொல்லட்டும். அவர்களும் படத்தை ஒழுங்காகப் பார்ப்பார்கள்.

டி.என்.பி.எஸ்.சி. புத்தகம் கிடைக்குமா?

மாவட்ட மைய நூலகம்.

ஓர் ஊராட்சி உறுப்பினர்: எங்கள் ஊர் நூலகத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்?

உங்களிடமிருந்துதான். 1948இல் வந்த மதராஸ் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வாங்குகிறோம், இப்போது ரூபாய்க்குப் பத்துக் காசு. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். உங்கள் ஊராட்சி வசூலித்ததைக் கட்டியிருக்கிறதா என்று முதலில் ரசீதைப் பாருங்கள்.

கரையான் அரிக்கிறது, என்ன செய்ய?

சுவரை ஒட்டி வைக்காதீர்கள், தரையில் வைக்காதீர்கள். காய்ந்த வேப்பிலை, வசம்பு. எல்லாவற்றையும்விட, தினம் கை படுகிற புத்தகத்தைக் கரையான் தொடாது. பீரோவில் பூட்டினதுதான் அதற்கு விருந்து.

அமெரிக்காவிலிருந்து: ஊரில் உள்ள எங்கள் பழைய புத்தகங்களை...

கைடு வேண்டாம். வாஸ்து வேண்டாம்.

தமிழாசிரியர், அரியலூர்: கடைசியாக ஒன்று. நீதி இல்லாமல் கதை எதற்கு?

ஐயா, உங்கள் ஆயா, மன்னிக்கவும், பாட்டி உங்களுக்குச் சொன்ன கதைகளில் எதெல்லாம் ஞாபகம் இருக்கிறது? நரியா, நீதியா?

தமிழாசிரியர், அரியலூர்: எங்கள் வீட்டில் அப்பாயி.

வாருங்கள் வழிக்கு.

ஐந்தாம் வகுப்பு, எங்கள் ஊர்தான்: அக்கா பேய்க்கதை புக் இருக்கா?

மூணு இருந்துச்சு. ரெண்டு சூளைக்குப் போயிருக்கு, ஆடியில வரும். ஒண்ணு மிஷின் மேல வெச்சிருக்கேன், சனிக்கிழமை வந்து எடுத்துக்கோ.