கட்டடம் ரெடி, கம்பெனிகள் வரவில்லை: பதில்

உயிர்தொழில்நுட்பப் பூங்கா கட்டி முடித்தும் பாதித் தளங்கள் காலி, வாடகையைக் குறைத்தால் வருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை பெரிய விஷயமே இல்லை என்பது என் கருத்து. புதிதாகக் கம்பெனி தொடங்கும் மூன்று பேருக்கு ஒரு முழுத் தளம் எதற்கு? அவர்களுக்கு வேண்டியது ஒரு மேசை, பக்கத்திலேயே மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர், சென்ட்ரிஃப்யூஜ் (மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி), உயிரியல் கழிவை முறையாக அகற்றும் ஏற்பாடு, ஏற்கெனவே வாங்கி வைத்த பாதுகாப்பு அனுமதி. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், கென்டல் சதுக்கத்தில் 2013-ல் திறந்த லேப்சென்ட்ரல் என்ற பகிர்வு ஆய்வகம் இப்படித்தான், மேசைக் கணக்கில் இடம் கொடுத்தது. உங்கள் காலித் தளம் ஒன்றை அப்படி மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் விதிகள். அதே கேம்பிரிட்ஜ் நகரம், மரபணுக்களை வெட்டி ஒட்டும் ஆய்வுகளைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தபிறகு 1977-ல் நகர அளவிலேயே சட்டம் போட்டது. கெடுபிடி மாதிரித் தெரிந்தாலும் எதைச் செய்யலாம் என்பது தெளிவாகிவிட்டது. 1982-ல் பயோஜென் என்ற உயிர்தொழில்நுட்பக் கம்பெனி அங்கே வந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஆட்கள். 1976-ல் ஜெனென்டெக் என்ற உயிர்தொழில்நுட்பக் கம்பெனியைத் தொடங்கியது ஹெர்பர்ட் போயர் என்ற பேராசிரியரும் ராபர்ட் ஸ்வான்சன் என்ற முதலீட்டாளரும் சேர்ந்துதான். உங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஆசிரியர்களைக் கம்பெனி தொடங்க விடுகிறதா, தன் காப்புரிமையைப் பயன்படுத்த எத்தனை மாதத்தில் உரிமம் கொடுக்கிறது? முதலில் அதைப் போய் விசாரியுங்கள், வாடகையைப் பிறகு பார்க்கலாம்.