மருத்துவர், மானிடவியலாளர், துணைவேந்தர்

கேள்வி: மானிடவியலில் முதுகலை முடித்துவிட்டுப் பல்கலைக்கழக நிர்வாகப் பணிக்குச் செல்ல விரும்புகிறேன். கணக்கும் சட்டமும் தெரிந்தவர்களுக்கே அது பொருந்தும் என்று வீட்டில் சொல்கிறார்கள். இத்துறையிலிருந்து போய் உயர்ந்தவர்கள் உண்டா? அந்தப் படிப்பு அவர்களுக்கு உதவியதா?
– வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: உண்டு. தென்னாப்பிரிக்காவின் மம்பேலா ராம்பேலே 1996-இல் கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அந்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்திற்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தாம்.

அவர் முதலில் மருத்துவர். ஸ்டீவ் பிகோவுடன் கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தில் பணியாற்றியதற்காக நிறவெறி அரசு 1977-இல் அவரை லென்யென்யே என்னும் தொலைதூர ஊருக்கு அனுப்பி, 1984 வரை அங்கேயே முடக்கி வைத்தது; அவரோ அங்கும் ஒரு சுகாதார மையத்தைத் தொடங்கிவிட்டார். அதன் பிறகு கேப்டவுனுக்கு வந்து, கிராமங்களிலிருந்து பிழைப்புக்காக வந்த தொழிலாளர்களின் விடுதிகளை ஆராய்ந்தார். தனி ஆண்களுக்கென்று கட்டப்பட்ட அந்த விடுதிகளில் ஒருவருக்கு உரிமையுள்ள இடம் ஒரு கட்டில் மட்டுமே. மனைவி மக்கள் வந்து சேர்ந்தபோது அந்தக் கட்டிலே ஒரு குடும்பத்தின் முழு வீடாயிற்று. இடம் சுருங்கச் சுருங்க மனிதர் தம்மைப் பற்றிக் கொள்ளும் மதிப்பும் எவ்வாறு சுருங்குகிறது என்பதை அந்த ஆய்வு காட்டியது. 1991-இல் சமூக மானிடவியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர், அதே ஆண்டில் இணைத் துணைவேந்தர் பொறுப்புக்கும் வந்தார்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் துறைக்கு ஒரு பழைய வடுவும் உண்டு. 1968-இல் ஆர்ச்சி மஃபேஜே என்ற கறுப்பின அறிஞரை அத்துறையில் முதுநிலை விரிவுரையாளராகத் தேர்ந்தெடுத்த நிர்வாகம், அரசின் மிரட்டலுக்குப் பணிந்து நியமனத்தைத் திரும்பப் பெற்றது. மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள்ளேயே பல நாள்கள் அமர்ந்து போராடினார்கள். அதே துறையில் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண் ஒருவர் பின்னாளில் துணைவேந்தரானது எத்தகைய மாற்றம் என்பதை இதை அறிந்தவர்களே முழுமையாக உணர முடியும்.

படிப்பு உதவியதா என்கிறீர்கள். தாழ்வாரத்தில் யார் தயங்கி நிற்கிறார்கள், கூட்டத்தில் யார் வாய் திறப்பதே இல்லை என்பதைக் கவனிக்கும் பழக்கம் களப்பணியில் வருவது. வெள்ளையருக்காகவே வளர்ந்த ஒரு நிறுவனத்தை எல்லோருக்குமானதாக மாற்றும் வேலையில் அது நிச்சயம் கைகொடுத்திருக்கும். ஆனால் நிதிநிலை அறிக்கை வேறொரு மொழி பேசுகிறது. தொழிலாளர் விடுதிகளில் ஆய்வு செய்த அதே ராம்பேலேயின் நிர்வாகம்தான் 1999-இல், செலவைக் குறைப்பதற்காக, துப்புரவு உள்ளிட்ட பணிகளை வெளி ஒப்பந்ததாரர்களிடம் ஒப்படைத்தது; நேற்றுவரை பல்கலைக்கழக ஊழியராக இருந்தவர்கள் வேலையிழந்தார்கள், அல்லது குறைந்த ஊதியத்துக்கு அதே வராந்தாவைப் பெருக்க வந்தார்கள். அதை நான் தவறான முடிவு என்றே கருதுகிறேன். பற்றாக்குறையை அவர் உருவாக்கவில்லை என்பதையும் மறுக்கவில்லை.

எனவே வீட்டார் சொல்வதில் பாதி சரி. கணக்கை நீங்கள் கற்றுத்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் கணக்காளர் நீட்டும் தாளில் கையெழுத்திடும் வேலையே மிஞ்சும்.

கேள்வி: அவர் அதன் பின் என்ன ஆனார்?

பதில்: 2000-இல் உலக வங்கியின் நிர்வாக இயக்குநர்களுள் ஒருவராகி, 2004 வரை அங்கே இருந்தார். ஒப்பந்தத்திற்கு மாற்றப்பட்ட பணிகளை மீண்டும் நேரடிப் பணிகளாக்கப் பல்கலைக்கழகம் 2015 அக்டோபரில் இசைந்தது. அதற்கு மாணவர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து போராட வேண்டியிருந்தது.